அட்டைக்கு ஒரு சட்டை!

உங்கள் ஸ்கூல் பேக்கின் சின்ன ஜிப்பைத் திறந்து பாருங்கள். உடைந்த பென்சில், ஷார்ப்பனர் தூள், மிட்டாய் காகிதம்... இவற்றுக்கு நடுவே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருக்கிறதா? போகிமான் கார்டு, மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு, கிரிக்கெட் கார்டு என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும்!

ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, எவ்வளவு ஆசையாகச் சேர்த்த கார்டுகள் அவை! ஆனால் ஒரே வருடத்தில் மூலை மடங்கி, முகம் வெளுத்து, 'பிசுபிசு'வென்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அப்புறம் தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது, பழைய பேப்பர்காரரின் சாக்குக்குள் போய்விடும்.

அப்படிப் போகாமல் அவற்றைக் காப்பாற்ற முடியுமா? முடியும்! 130 வருடத்துக்கு முந்தைய அட்டைகளே இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. எப்படி என்று பார்க்கலாம், வாங்க!

காப்பாற்ற வந்த அட்டை

முதலில் இந்த அட்டைகள் எப்படிப் பிறந்தன தெரியுமா? 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சிகரெட்டுகளை மெல்லிய காகிதப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். பாக்கெட் லேசாக அழுத்தினாலே உள்ளே இருப்பது நசுங்கிவிடும். அதைத் தடுக்க, பாக்கெட்டுக்குள் ஒரு சிறிய கெட்டி அட்டையைச் செருகி வைத்தார்கள்.

'வெறும் அட்டையை ஏன் வைக்க வேண்டும்? அதில் ஒரு படம் போட்டால் என்ன?' என்று யோசித்தன கம்பெனிகள். 1880-களில் பறவைகள், பல நாட்டுக் கொடிகள், ராஜாக்கள், விளையாட்டு வீரர்கள் என்று வண்ண வண்ணப் படங்கள் வர ஆரம்பித்தன. சிகரெட் உடம்புக்குக் கேடு. ஆனால் அந்தப் படங்கள் மட்டும் குழந்தைகளின் மனதைப் பிடித்துக்கொண்டன. பெரியவர்களிடம் 'அட்டை இருக்கிறதா, அட்டை இருக்கிறதா?' என்று கேட்டு வாங்கிச் சேர்த்தார்கள். பிறகு மிட்டாய், சூயிங்கம் கம்பெனிகளும் படம் போட்ட அட்டைகளைக் கொடுக்கத் தொடங்கின.

வேடிக்கையைப் பார்த்தீர்களா, குட்டீஸ்? இன்னொரு பொருள் நசுங்காமல் காப்பாற்றத்தான் இந்த அட்டை பிறந்தது. இப்போது அந்த அட்டையை நாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

கடலில் போட்ட புதையல்

அமெரிக்காவில் 'பேஸ்பால்' விளையாட்டு என்றால் நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. அந்த வீரர்களின் படம் போட்ட அட்டைகளுக்கு அங்கே அவ்வளவு மவுசு!

அந்தக் காலத்துச் சிறுவர்கள் அந்த அட்டைகளை என்ன செய்தார்கள் தெரியுமா? துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டி, கம்பிகளில் உரசி 'டர்ர்ர்' என்று சத்தம் வரவைத்தார்கள்! சுவரில் எறிந்து பந்தயம் கட்டினார்கள். ரப்பர் பேண்ட் போட்டு ஷூ டப்பாவில் அடைத்தார்கள். அவர்கள் வளர்ந்து வெளியூர் போனதும், 'குப்பை' என்று நினைத்து அம்மாக்கள் தூக்கிப்போட்டார்கள்.

அட்டை அச்சடித்த கம்பெனியே அதைவிடப் பெரிய வேலை செய்தது. 'டாப்ஸ்' என்பது சூயிங்கத்தோடு பேஸ்பால் அட்டை கொடுத்து விற்ற கம்பெனி. 1952-ல் அது வெளியிட்ட அட்டைகளில் ஒரு பகுதி விற்காமல் கிடங்கில் தேங்கிவிட்டது. 1960-ல், இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள். அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கர் என்பவரே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டையும் அந்த வரிசையில் ஒன்று. கடலுக்குப் போகாமல், ஒரு கீறல்கூட விழாமல் தப்பிய அப்படி ஒரு அட்டை 2022 ஆகஸ்டில் ஏலத்துக்கு வந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 1 கோடியே 26 லட்சம் டாலர்! அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய்! 1952-ல் ஒரு சிறுவன் சில்லறைக் காசுக்கு வாங்கக்கூடிய அட்டை அது.

ஆயிரக்கணக்கில் அச்சான அட்டைதான். ஆனால் மூலை மடங்காமல், நிறம் மங்காமல் இருந்ததுதான் அதன் சிறப்பு. 'பத்திரமாக இருந்தது' என்பதற்குத்தான் அத்தனை பணம்!

பர்டிக் தாத்தாவின் 15 வருடம்

பணத்துக்கு ஆசைப்படாத ஒருவரின் கதையையும் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் பெயர் ஜெபர்சன் பர்டிக். 1900-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிரக்யூஸ் என்ற நகரத்தில் மின்சாதன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெரிய பணக்காரர் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரே ஆசை, படம் போட்ட அட்டைகள்.

பேஸ்பால் அட்டை மட்டுமல்ல... தபால் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பர அட்டை எல்லாம் சேர்த்தார். சேர்த்ததோடு நிற்கவில்லை. 'எந்த அட்டையை யார் வெளியிட்டார்கள், ஒரு வரிசையில் மொத்தம் எத்தனை?' என்று ஒரு பட்டியல் புத்தகமே தயாரித்து 1939-ல் வெளியிட்டார். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்தார். அவர் கொடுத்த 'டி206' போன்ற பெயர்களைத்தான் உலகம் முழுக்க அட்டை சேர்ப்பவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பர்டிக்குக்கு மூட்டுவாதம் உண்டு. வயது ஆக ஆக விரல்கள் மடங்காமல் வலித்தன. 'எனக்குப் பிறகு இந்த அட்டைகள் என்ன ஆகும்?' என்ற கவலை வந்தது. விற்றிருந்தால் கை நிறையப் பணம் கிடைத்திருக்கும். ஆனால் பிரித்துப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகப் போய்விடுமே! அதனால் நியூயார்க் நகரத்தில் உள்ள புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு அத்தனையையும் இலவசமாகக் கொடுக்க முன்வந்தார். 'கொடுங்கள், ஆனால் ஒழுங்காக வரிசைப்படுத்த வேண்டுமே' என்றது அருங்காட்சியகம். அந்த வேலையையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

1940-களின் கடைசியில் ஆரம்பித்த வேலை சுமார் 15 வருடம் நடந்தது. பின்னாளில் நியூயார்க்குக்கே குடிவந்துவிட்டார். அருங்காட்சியகத்தின் ஒரு மேஜையில் உட்கார்ந்து, வலிக்கும் விரல்களால் ஒவ்வோர் அட்டையாக எடுத்து, வரிசை பார்த்து ஆல்பத்தில் ஒட்டினார். மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவை! அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல்.

1963 ஜனவரி 10. அன்று மாலை கடைசி அட்டையும் ஒட்டி முடிந்தது. இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில், மார்ச் 13 அன்று காலமானார். வேலை முடியும்வரை காத்திருந்த மாதிரி இல்லை?

அவர் கொடுத்தவை இன்றும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1890-ல் ஒரு சிறுவன் எந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டான் என்று இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அதற்கு இந்தத் தாத்தாவும் ஒரு காரணம்.

ஒரு விஷயம்: பர்டிக் தாத்தா அட்டைகளைப் பசை போட்டு ஒட்டினார். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். இன்று யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒட்டினால் பின்பக்கத்தில் இருப்பதைப் படிக்க முடியாது, பிரித்தால் கிழிந்துவிடும். இன்று நமக்கு அதைவிட நல்ல வழிகள் கிடைத்திருக்கின்றன.

ஐந்து எதிரிகள்

அட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் அதன் எதிரிகள் யார் என்று தெரிய வேண்டும். எண்ணிக்கொள்ளுங்கள்...

1. வெயில்: மரக்கூழால் செய்த காகிதத்தில் 'லிக்னின்' என்ற பொருள் இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாக மாறும். அச்சு மையின் நிறத்தையும் வெயில் வெளுக்க வைக்கும். ஜன்னலுக்கு எதிரே சுவரில் மாட்டிய காலண்டர் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்களே!

2. ஈரம்: காகிதம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், காற்று வறண்டால் சுருங்கும். மினுமினுக்கும் கார்டுகளுக்கு இது இன்னும் ஆபத்து. மினுங்கும் மெல்லிய தகடு ஈரத்தைக் குடிக்காது, காகிதம் மட்டும் குடிக்கும். ஒரு பக்கம் நீண்டு மறு பக்கம் அப்படியே நின்றால் என்ன ஆகும்? அப்பளம் மாதிரி வளைந்துவிடும்! காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் காகிதத்துக்கு நல்லது. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் பல நாட்கள் அது 70 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால் நாம்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

3. பூச்சி: பழைய புத்தகத்தைத் திறந்ததும் வெள்ளி நிறத்தில் 'சர்'ரென்று ஓடுமே, அதுதான் இராமபாணப் பூச்சி. காகிதத்தில் உள்ள மாவுச்சத்தும் பசையும் அதற்கு விருந்து. கரையான் வந்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம்!

4. நம் கை: ஆமாம், நம் கையேதான்! முறுக்கு தின்ற எண்ணெய், வியர்வை, அழுக்கு எல்லாம் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாத விரல் ரேகை, சில வருடம் கழித்துக் கறையாகத் தெரியும்.

5. கெட்ட பிளாஸ்டிக்: 'உறைக்குள் போட்டுவிட்டேன், இனி பயமில்லை' என்று நினைக்காதீர்கள். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் இயற்கையில் விறைப்பானது. அதை வளைய வைக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைக் கலப்பார்கள். நாளடைவில் அது வெளியே கசிந்து அட்டையில் ஒட்டிக்கொள்ளும். மலிவான ஆல்பத்தைத் திறந்ததும் புது ரெயின்கோட் மாதிரி வாடை 'குப்'பென்று அடித்தால், அதில் கார்டுகளை வைக்காதீர்கள்.

செய்து பார்ப்போமா?

பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிப் பக்கத்தை ஒரு தடிமனான நோட்டால் மூடி, மறு பாதி திறந்திருக்கும்படி நல்ல வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். ஒரு வாரம் கழித்து நோட்டை எடுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். திறந்த பாதி பழுப்பாகியிருக்கும். உங்கள் கார்டை மேஜை மேல் போட்டு வைத்தால், அதற்கும் மெல்ல மெல்ல இதுபோல் நடக்கும்.

சட்டை, கோட்டு, வீடு!

நமக்குச் சட்டை, அதற்கு மேல் கோட்டு, இருக்க வீடு வேண்டும் இல்லையா? கார்டுக்கும் அப்படித்தான்.

சட்டை: கண்ணாடி மாதிரி மெல்லிய உறை. 'ஸ்லீவ்' என்பார்கள். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் ஆகியவை காகிதத்துக்குக் கெடுதல் செய்யாத பிளாஸ்டிக்குகள். முக்கோண அம்புக்குறிக்குள் ஓர் எண் அச்சிட்டிருந்தால் பாருங்கள். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன், நல்லது. 3 என்றால் பி.வி.சி., வேண்டாம்.

வாங்கும்போது அளவைக் கவனியுங்கள். இன்றைய பேஸ்பால் கார்டுகள் இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். போகிமான் கார்டு 63 மில்லிமீட்டருக்கு 88 மில்லிமீட்டர். யூகியோ கார்டு இன்னும் சிறியது, 59-க்கு 86. தொளதொள சட்டையில் கார்டு ஆடும். இறுக்கமான சட்டையில் மூலை மடங்கும்.

கோட்டு: 'டாப் லோடர்' என்பது விறைப்பான பிளாஸ்டிக் உறை. உங்களுக்கு மிகவும் பிடித்த நாலைந்து கார்டுகளுக்கு மட்டும் போதும். முதலில் சட்டை, அப்புறம்தான் கோட்டு! வெறும் கார்டை டாப் லோடரில் செருகினால் ஓரம் உரசிக் கீறல் விழும்.

வீடு: ஒன்பது அறை கொண்ட பக்கங்கள் உள்ள ஆல்பம் நல்லது. புரட்டிப் புரட்டிப் பார்க்கலாம். ஓர் அறைக்குள் நாலு கார்டைத் திணிக்காதீர்கள். ஆல்பத்தின் வளையங்கள் வட்டமாக இருந்தால் உள்பக்கக் கார்டுகளை அமுக்கித் தழும்பு விழும். ஒரு பக்கம் நேராக இருக்கும் வளையம் நல்லது. ஆல்பத்தைப் புத்தகம் போல் நிற்க வையுங்கள். மேலே டிக்ஷனரி, அட்லஸ் எல்லாம் அடுக்காதீர்கள்.

ஆல்பம் வாங்க முடியவில்லையா? கவலை வேண்டாம். மூடி இறுக்கமாக உள்ள சுத்தமான, உலர்ந்த டப்பா ஒன்று போதும். சட்டை போட்ட கார்டுகளை உள்ளே நிற்க வையுங்கள். இடம் மிச்சமிருந்தால் சாய்ந்து வளையாமல் இருக்க, சுத்தமான வெள்ளைத் தாளை மடித்து அடையுங்கள். ஷூ வாங்கும்போது டப்பாவில் சின்ன வெள்ளைப் பை ஒன்று இருக்குமே, சிலிகா ஜெல்! அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒன்றைப் போட்டு வைக்கலாம். தம்பி, தங்கை வாயில் வைத்துவிடாதபடி பெரியவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டப்பாவை எங்கே வைப்பது? தரையில் வேண்டாம், மழைத் தண்ணீர் வரும். பரணில் வேண்டாம், மொட்டை மாடிச் சூடு இறங்கும். மழைக்கு ஓதம் அடிக்கும் சுவரை ஒட்டியும் வேண்டாம். பீரோவின் நடுத்தட்டுதான் ராஜ இடம்! ஆனால் அங்கே பாச்சை உருண்டை இருந்தால் தள்ளி வையுங்கள். அதன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கைக் கெடுத்துவிடும்.

கத்தரி போட்ட கார்டு

'ஓரம் கொஞ்சம் பிசிறாக இருக்கிறதே, கத்தரியால் லேசாக வெட்டிவிட்டால் அழகாகிவிடும்' என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? இதைப் படித்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

பர்டிக் தாத்தா பெயர் வைத்த 'டி206' வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை உண்டு. 1909 முதல் 1911 வரை வெளிவந்த அந்த வரிசையில் இவருடைய அட்டையை மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் இன்று உலகத்தில் சுமார் 60 அட்டைகள்தான் இருப்பதாகத் தெரிகிறது. அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூர்மையான ஓரங்களோடு பளபளவென்று இருந்தது. 1991-ல் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கும், 2007-ல் 28 லட்சம் டாலருக்கும் கைமாறியது.

'இவ்வளவு பழைய அட்டையின் ஓரம் எப்படி இவ்வளவு கூர்மையாக இருக்கும்?' என்று சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். 2013-ல் உண்மை வெளியே வந்தது. முன்பு அதை வாங்கி விற்ற ஏலக்காரர், 'அதன் ஓரத்தை நான்தான் வெட்டினேன்' என்று அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஏலத்தில் செய்த மோசடிகளுக்காக 2015-ல் அவருக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

கார்டின் தரத்தை 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றன. மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். வெட்டியது தெரிந்தால் மதிப்பெண்ணே போடமாட்டார்கள். பிசிறு அதன் வயது. வெட்டு நாம் செய்த காயம்!

இதெல்லாம் கூடாது!

* லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்கவே முடியாது.
* செல்லோ டேப், ஃபெவிகால், ஸ்டேப்ளர் பின் மூன்றும் கிட்டே வரக்கூடாது.
* ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ஓரத்தில் பள்ளம் விழும். வெயில் காலத்தில் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும்.
* கார்டில் பெயர் எழுதாதீர்கள். டப்பாவின் மேல் எழுதுங்கள்.
* ஈரத்துணி, சோப்பு, சானிடைசர் கொண்டு துடைக்காதீர்கள். தூசியை மென்மையான, உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டால் போதும்.
* கார்டை எடுக்கும் முன் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேல் விரல் வைக்காமல் ஓரங்களைப் பிடியுங்கள்.

நனைந்துவிட்டதா? அழாதீர்கள்!

மழையில் பேக் நனைந்து கார்டும் நனைந்துவிட்டால், முதலில் உறையிலிருந்து மெதுவாக வெளியே எடுங்கள். துணியால் தேய்க்காதீர்கள். சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் பரப்பி, ஃபேன் காற்றில் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் காயவைப்பது, அயர்ன் பாக்ஸ் வைப்பது, ஹேர் டிரையர் பிடிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளை அவ்வப்போது மாற்றுங்கள். ஓரிரு நாளில் வளைவு குறையும். இரண்டு கார்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். படம் உரிந்து வந்துவிடும்.

முழுசாகப் பழையபடி ஆகாதுதான். ஆனாலும் குப்பைக்குப் போகாமல் தப்பிக்கும்.

ஒரு நோட்டு போடுங்க

பர்டிக் தாத்தா செய்ததில் பைசா செலவில்லாத வேலை ஒன்று உண்டு. பட்டியல்! நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுங்கள். கார்டின் பெயர், எண், எந்த வருடம் கிடைத்தது, யார் கொடுத்தது என்று நாலு கட்டம் போடுங்கள். 'அத்தை ஊரிலிருந்து வாங்கி வந்தது', 'மாறிப் போகும்போது என் பெஞ்ச் நண்பன் கொடுத்தது' என்று எழுதி வையுங்கள். இருபது வருடம் கழித்துப் படத்தைவிட அந்தக் கடைசிக் கட்டம்தான் உங்களுக்குப் பெரிய புதையலாகத் தெரியும். ஒரு கார்டு காணாமல் போனாலும் எது என்று உடனே கண்டுபிடிக்கலாம்.

கோடி கிடைக்குமா?

'அப்படியானால் என் கார்டும் ஒருநாள் கோடி ரூபாய்க்குப் போகுமா?' என்று கேட்கிறீர்களா? இதையும் கேளுங்கள். பழைய அட்டைகள் நல்ல விலைக்குப் போவதைப் பார்த்து, 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் எல்லாரும் கார்டுகளைப் பிரிக்காமலேயே பெட்டி பெட்டியாகப் பூட்டி வைத்தார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. என்ன ஆயிற்று? எல்லாரிடமும் புத்தம் புதுசாக இருந்ததால், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் பெரிய விலை இல்லை! பெட்டியில் பூட்டியவர்களுக்கு விளையாடிய சந்தோஷமும் இல்லை, பணமும் இல்லை.

அதனால் பணத்துக்காகச் சேர்க்காதீர்கள். பிடித்ததைச் சேருங்கள். இரண்டு இரண்டாக இருந்தால் ஒன்றை விளையாட வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குச் சட்டை போட்டு வையுங்கள். விளையாடும் கார்டு கசங்கட்டும், பரவாயில்லை. அது அதற்காகத்தான் இருக்கிறது. பத்திரமாக வைத்த கார்டையும் பூட்டியே வைக்காமல், நண்பர்கள் வந்தால் எடுத்துக் காட்டுங்கள். பர்டிக் தாத்தா வலியோடு ஒட்டியதெல்லாம் மற்றவர்கள் பார்க்கத்தானே!

என்ன குட்டீஸ், ஞாயிற்றுக்கிழமை வேலை கிடைத்துவிட்டதா? முதலில் பேக்கில் இருக்கும் அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். கையைக் கழுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு சட்டை போடுங்கள்!